ஆணா, பெண்ணா: தேர்வு யார் கையில்?

(சங்கத்தின் பொன்விழாக் குடும்ப தின நிகழ்ச்சியில், இளைய உறுப்பினர்கள் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

பிறக்கப்போகும் பிள்ளை ஆணாக வேண்டும், பெண்ணாக வேண்டும் என்று பெற்றோரே தேர்ந்தெடுப்பது சரியா என்பதுதான் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நாங்கள் ஆலிம்கள் அல்லர், மருத்துவர்களும் அல்லர். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் வாங்கிவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்தவர்கள். ஆனால் இந்தக் கேள்வி இன்று எங்கள் வயதுத் தம்பதிகளின் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. வெளிநாட்டு மருந்தகங்களின் விளம்பரம் கைப்பேசியிலேயே வருகிறது. அதனால் தெரிந்தவரையில் பேசிப் பார்ப்போம்.

மகன் வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமா? அதை முதலில் தீர்த்துக்கொள்வோம். குற்றம் இல்லை. ஜக்கரிய்யா நபி (அலை) அவர்கள் முதிய வயதில் தமக்கொரு வாரிசைக் கேட்டுத் துஆ செய்ததைக் குர்ஆன் சொல்கிறது. இம்ரானின் துணைவியார் தம் வயிற்றுப் பிள்ளையை இறைப்பணிக்கு நேர்ந்துகொண்டார். அந்தப் பணிக்கு ஆண்பிள்ளைதான் தகும் என்று எண்ணியிருந்தார். பிறந்ததோ பெண். அந்தப் பெண்தான் மர்யம் (அலை). ஆல இம்ரான் அத்தியாயத்தில் இதைப் படிக்கிறோம். கேட்பது நம் வேலை, கொடுப்பது அவன் வேலை. கேட்டது ஒன்று, கிடைத்தது அதைவிடப் பெரியது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆக, கேட்பதில் தவறில்லை. தேர்ந்தெடுப்பது அதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதுதான் கேள்வி.

தேர்வு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் நியாயம் பேச முடியும். தாயின் கருமுட்டையில் எக்ஸ் குரோமோசோம் மட்டும்தான் உண்டு. தகப்பனின் விந்தணுவில் பாதி எக்ஸ், பாதி ஒய். எக்ஸ் சேர்ந்தால் பெண், ஒய் சேர்ந்தால் ஆண். அதாவது பிள்ளையின் பாலினத்தை முடிவு செய்வது தகப்பனிடமிருந்து வரும் அணு. மூன்றும் பெண்ணாகப் பெற்றுவிட்டாள் என்று மருமகளைக் குறை சொல்லும் பேச்சு இன்றும் சில வீடுகளில் கேட்கிறது. அதற்கு மார்க்கத்திலும் இடமில்லை, அறிவியலிலும் இடமில்லை.

இயற்கையில் 100 பெண்பிள்ளைகளுக்குச் சுமார் 105 ஆண்பிள்ளைகள் பிறக்கின்றன. இதில் மனிதன் கைவைப்பதற்கு இன்று மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கருவுற்ற பிறகு ஸ்கேனிலோ இரத்தப் பரிசோதனையிலோ பார்த்து, வேண்டாத கருவைக் கலைப்பது. இரண்டாவது, செயற்கைக் கருத்தரிப்பில் உருவான கருக்களைச் சோதித்து, வேண்டிய பாலினத்தை மட்டும் கருப்பையில் வைப்பது. மூன்றாவது, கருவுறுவதற்கு முன்பே விந்தணுக்களைப் பிரித்தெடுப்பது. எக்ஸ் தாங்கிய அணுவில் மரபுப்பொருள் ஒய் தாங்கியதைவிடச் சற்றுக் கூடுதல். அந்தச் சிறு வேறுபாட்டை வைத்துப் பிரிக்கிறார்கள்.

முதல் வழியைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. அறியாமைக் காலத்து அரபிகள் மண்ணில் புதைத்ததை இது மருத்துவ அறையில் செய்கிறது. உயிரோடு புதைக்கப்பட்ட பெண்குழந்தை எந்தப் பாவத்துக்காகக் கொல்லப்பட்டாள் என்று மறுமையில் கேட்கப்படும் என அத்தக்வீர் அத்தியாயம் எச்சரிக்கிறது. பெண் பிறந்த சேதி கேட்டு முகம் கறுத்துப்போகிறவனை அந்நஹ்ல் அத்தியாயம் கண்டிக்கிறது. இதைக் கேட்டு வளர்ந்த நமக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

இதன் விளைவை நம் முன்னோரின் நாட்டில் கண்ணால் பார்க்கிறோம். இந்தியாவில் ஆறு வயதுவரையுள்ள பிள்ளைகளில் 1,000 ஆண்களுக்கு 1991-ல் 945 பெண்கள் இருந்தார்கள். 2001-ல் 927 ஆனது. 2011-ல் 919-க்கு இறங்கியது. தமிழ்நாட்டில் பிறந்த பெண்சிசுவைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படையுங்கள் என்று 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டமே தொடங்க வேண்டியிருந்தது. 1994-ல் இந்திய நாடாளுமன்றம் கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடை செய்து சட்டம் இயற்றியது. 2003-ல் அது திருத்தப்பட்டு, கருவுறுவதற்கு முன் செய்யும் தேர்வும் தடைக்குள் வந்தது. ஊருக்குப் போகும்போது ஸ்கேன் நிலையங்களில் இங்கே பாலினம் சொல்லப்படமாட்டாது என்ற பலகையைப் பார்த்திருப்போம். அந்தச் சட்டத்தின் அடையாளம்தான் அது. சொல்லும் மருத்துவருக்கு மட்டுமல்ல, கேட்டு நெருக்கும் உறவினருக்கும் அதில் சிறைத்தண்டனை உண்டு.

ஆனால் நம் இளைஞர்கள் கேட்பது இரண்டாவது, மூன்றாவது வழியைப் பற்றி. அவர்களின் வாதத்தை நேர்மையாக எடுத்து வைப்போம். “எங்களுக்கு ஏற்கெனவே இரண்டு பெண்கள். இருவரையும் உயிராக வளர்க்கிறோம். பெண் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒரு பையனும் இருந்தால் நல்லது என்கிறோம். இதில் யாரையும் கொல்லவில்லை, கலைக்கவில்லை. எங்கள் பணம், எங்கள் விருப்பம். இதில் அடுத்தவருக்கு என்ன நட்டம்?”

இது எளிதில் ஒதுக்கக்கூடிய கேள்வி அல்ல. நிதானமாகப் பதில் தேடுவோம்.

முதலில், யார் உடம்பு? செயற்கைக் கருத்தரிப்பில் நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்வது மனைவி. மயக்க மருந்து கொடுத்துக் கருமுட்டை எடுப்பது அவளிடமிருந்து. இயல்பாகக் கருத்தரிக்கக்கூடிய, எந்த நோயும் இல்லாத ஒரு பெண் இத்தனையையும் தாங்க வேண்டியிருக்கிறது. அதுவும் முதல் முயற்சியிலேயே பலிக்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. அவளுடைய சம்மதம் மனமொத்துத் தந்ததா, மாமியார் வீட்டுப் பேச்சுக்குப் பயந்து தந்ததா என்பதை அந்த வீட்டார்தான் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, மீதிக் கருக்கள் என்ன ஆகின்றன? ஐந்து கருக்கள் உருவாகி, அதில் மூன்று பெண் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் ஆரோக்கியமானவை. அவற்றை ஒதுக்குவதற்குப் பெண் என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை. கருப்பையில் வைக்காத கருவுக்கு என்ன தகுதி என்பதில் அறிஞர்களிடையே விளக்கங்கள் உண்டு. அதற்குள் நாம் போகவில்லை. ஒதுக்கியதற்கு நாம் சொல்லும் காரணத்தை மட்டும் பார்க்கச் சொல்கிறோம். அந்தக் காரணத்தை வீட்டிலிருக்கும் இரண்டு மகள்களிடம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

மூன்றாவது, அணுவைப் பிரிப்பதில் கரு ஒதுக்கப்படுவதில்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் பிறக்கும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். நம்மில் பலர் மளிகை வியாபாரிகள். வெங்காயம் வந்தாலும் மிளகாய் வந்தாலும் தரம் பிரிப்போம், முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று. காசு கொடுத்து வாங்கிய சரக்கில் அது நம் உரிமை. ஒருவர் ஊருக்குப் போகும்போது நம்மிடம் அமானிதமாகக் கொடுத்துவிட்டுப் போன பொருளை அப்படிப் பிரிப்போமா? இது வேண்டும், அது வேண்டாம் என்போமா? கொடுத்ததை வாங்கி, கொடுத்தபடி காப்பதுதான் அமானிதம். பிள்ளைகள் அல்லாஹ் தந்த அமானிதம் என்று மேடைதோறும் சொல்லிவிட்டு, அவர்களைச் சரக்குபோல் வரவழைக்க முடியாது.

வரவழைக்கப்பட்ட மகனுக்கும் அது சுமைதான். நாடு விட்டு நாடு போய், சேமிப்பைக் கரைத்துப் பெற்ற மகன், கடைக்கு வர மாட்டேன், ஓவியம் படிக்கிறேன் என்றால் அந்த வீடு அதைத் தாங்குமா? ஒரு ரசீதோடு பிறந்த பிள்ளையாக அவனை வளர்ப்பது அவனுக்குச் செய்யும் அநீதி. இதே நியாயம் மறுபக்கமும் பொருந்தும். இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், இப்போது பெண்தான் வேண்டும் என்று தேர்வு செய்வதும் இதே கணக்கில்தான் சேரும்.

மார்க்க அறிஞர்கள் இதை ஆராயாமல் விடவில்லை. மக்காவிலுள்ள உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹ் அவை 2007-ல் இதை விவாதித்து முடிவு எடுத்தது. உணவு முறை, நாள் கணக்கு போன்ற இயற்கையான வழிகளில் விரும்புவதற்குத் தடையில்லை. பாலினத்தைத் தேர்வதற்கென்றே மருத்துவத் தலையீடு கூடாது. ஆணை மட்டும் அல்லது பெண்ணை மட்டும் தாக்கும் பரம்பரை நோய் இருந்தால், மருத்துவர் குழுவின் அறிக்கையோடும் மார்க்கத் தீர்ப்போடும் விதிவிலக்கு உண்டு. நிபந்தனைகளோடு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அவர்களும் இது ஒரு சமுதாய வழக்கமாகிவிடக் கூடாது என்றே சொல்கிறார்கள்.

அந்த விதிவிலக்கை மதிக்க வேண்டும். இரத்தம் உறையாத ஹீமோஃபீலியா, தசைகள் தேயும் டூஷென் நோய் ஆகியவை பெரும்பாலும் ஆண்பிள்ளைகளையே தாக்குகின்றன. அப்படி ஒரு பிள்ளையைக் கண்ணெதிரே பறிகொடுத்த பெற்றோர், அடுத்த பிள்ளைக்கு அந்த வேதனை வேண்டாம் என்று மருத்துவரை நாடினால், நாம் அவர்களுக்குப் பாடம் நடத்தக் கூடாது. அவர்கள் ஒரு நோயிலிருந்து பிள்ளையைக் காக்கப் பார்க்கிறார்கள். எந்தப் பாலினத்தையும் தாழ்வாக எண்ணியவர்கள் அல்லர். சிங்கப்பூரின் விதிமுறையும் இதே திசையில்தான் இருக்கிறது. மருத்துவக் காரணமின்றிப் பாலினம் தேர்வதற்கு இங்கே அனுமதியில்லை. ஒரு காலத்தில் பலரும் இதற்காகத் தேடிப்போன தாய்லாந்தும் 2015-ல் சட்டம் கொண்டுவந்து தடுத்துவிட்டது.

சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, பிறகென்ன என்று இதோடு முடித்துவிடலாம். ஆனால் ஓரிடத்தில் தடுத்தால் இன்னோர் இடத்தில் கதவு திறந்திருக்கும். ஆசைக்கு எரிபொருள் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் தடையை மட்டும் நம்பியிருந்தால் பயனில்லை.

தென்கொரியாவின் அனுபவம் நமக்குப் பாடம். அங்கே 1987-லேயே கருவின் பாலினத்தைச் சொல்லத் தடை வந்தது. அப்படியும் 1990-ல் 100 பெண்களுக்கு 116 ஆண்களுக்கு மேல் பிறந்தார்கள். 1991 முதல் மகள்களுக்கும் குடும்பச் சொத்தில் உரிமை வலுப்பட்டது. ஆண்தான் குடும்பத் தலைவன் என்ற பதிவு முறை 2008-ல் ஒழிந்தது. பெண்கள் படித்தார்கள், சம்பாதித்தார்கள், பெற்றோரைப் பார்த்துக்கொண்டார்கள். 2007 வாக்கில் பிறப்பு விகிதம் இயல்புக்குத் திரும்பிவிட்டது. 2024-ல் அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், பாலினத்தைச் சொல்லக் கூடாது என்ற தடையே இனித் தேவையில்லை என்று நீக்கியது. மகளின் மதிப்பு வீட்டில் உயர்ந்த பிறகு பூட்டுக்கு வேலையில்லாமல் போனது.

நம் வீடுகளில் எரிபொருள் எது? எங்களுக்குத் தெரிந்தவரை நான்கு.

ஒன்று, பேர் சொல்லப் பிள்ளை. நம்மவர்கள் பெயரைப் பாருங்கள். மகன் தகப்பன் பெயரோடு ‘பின்’, மகள் தகப்பன் பெயரோடு ‘பின்த்’. திருமணத்துக்குப் பிறகும் அவள் கணவன் பெயரை ஏற்பதில்லை, கடைசிவரை தகப்பன் பெயரோடுதான் இருக்கிறாள். பெருமானார் (ஸல்) அவர்களின் ஆண்மக்கள் சிறுவயதிலேயே மறைந்தார்கள். சந்ததியற்றவர் என்று எதிரிகள் ஏளனம் செய்தார்கள். அவர்களின் வம்சமோ ஃபாத்திமா (ரலி) அவர்கள் வழியாக இன்றுவரை உலகமெங்கும் இருக்கிறது. ஏளனம் செய்தவர்களின் பெயரைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

இரண்டு, கடை. கடையை யார் பார்ப்பது என்ற கவலை நியாயமானது. நாங்களும் வியாபாரிகள்தான். ஆனால் இன்றைய கடையில் மூட்டை தூக்குவது கொஞ்சம், கணக்கும் இணைய விற்பனையும் அதிகம். கதீஜா (ரலி) அவர்கள் வணிகர் என்பதை நாம் பெருமையோடு சொல்கிறோம். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பம் காத்த கடையநல்லூர்ப் பெண்களின் உழைப்பு இந்த ஊரின் வரலாற்றில் இருக்கிறது. அவர்களின் பேத்திகளுக்கு ஒரு கல்லாப்பெட்டி பாரமா?

மூன்று, முதுமையும் சொத்தும். முதுமையில் பலதுறை மருந்தகத்துக்கு நம்மை அழைத்துப்போவது யார் என்று அங்கே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே தெரியும். பலருக்குப் பக்கத்தில் மகள் இருப்பாள். சிங்கப்பூரின் 1995-ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் மகன், மகள் என்று பிரிப்பதில்லை.

சொத்து விஷயத்தில்தான் நம்மிடையே வெளியில் சொல்லாத பயம் ஒன்று இருக்கிறது. மகன் இல்லாவிட்டால் பாகப்பிரிவினையில் சொத்து அண்ணன் தம்பிக்குப் போய்விடுமே என்பதுதான் அது. கணக்கைப் பார்ப்போம். ஒருவர் மனைவி, இரண்டு மகள்கள், ஒரு சகோதரன் ஆகியோரை விட்டு மறைகிறார். கடன், செலவு போக 240,000 வெள்ளி இருக்கிறது. மனைவிக்கு எட்டில் ஒன்று, 30,000. மகள்களுக்கு மூன்றில் இரண்டு, அதாவது 160,000, ஆளுக்கு 80,000. மீதி 50,000 சகோதரனுக்கு. எல்லாம் போய்விடும் என்று பயந்தது எங்கே, கணக்கு எங்கே? அந்தச் சகோதரனுக்கும் பங்கோடு பொறுப்பு வருகிறது. அண்ணன் மகள்களை ஆதரவின்றி விடுவதற்காக வந்த பங்கு அல்ல அது.

மகள்களுக்குக் கூடுதலாக ஏற்பாடு செய்ய நினைப்பவர், உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுக்க மார்க்கத்தில் இடமுண்டு. ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்ததற்குச் சாட்சியாக இருக்கப் பெருமானார் (ஸல்) மறுத்ததை நினைவில் வைத்து, பிள்ளைகளிடையே நீதியாகக் கொடுக்க வேண்டும். மத்திய சேம நிதிக்கு நியமனம் செய்வது, வீட்டின் உரிமைப் பத்திரம் எப்படி இருக்க வேண்டும் என்பது போன்றவற்றுக்கு முயிஸ் வழிகாட்டுதல் இருக்கிறது. ஓர் ஆலிமையும் ஒரு வழக்கறிஞரையும் கலந்துகொண்டால் போதும். ஒரு பத்திரத்தில் தீர்த்துவிடக்கூடிய கவலைக்காக ஒரு பெண்ணின் உடம்பை ஊசிக்குக் கொடுக்க வேண்டுமா?

நான்கு, கல்யாணச் செலவு. மகள் என்றாலே செலவு என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? மணமகன் மஹர் கொடுப்பது மார்க்கம். மணமகள் வீட்டார் கைக்கூலி கொடுப்பது நாமாகச் சேர்த்துக்கொண்ட வழக்கம். இங்கே அது பெரும்பாலும் குறைந்திருக்கலாம். ஆனால் ஊரில் சம்பந்தம் பேசும்போது நகை எத்தனை பவுன் என்ற கேள்வியாக அது திரும்பி வருகிறது. அப்படிக் கேட்கும் ஒவ்வொரு மாப்பிள்ளை வீடும், எங்கோ ஒரு தகப்பனுக்குப் பெண்பிள்ளையைக் கண்டு பயத்தை உண்டாக்குகிறது.

இந்தச் சங்கம் தொடங்கிய எழுபதுகளில், ஆணோ பெண்ணோ இரண்டு போதும் என்று அரசாங்கம் நான்கு மொழியிலும் சுவரொட்டி ஒட்டியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். எண்ணிக்கையைப் பற்றி அரசாங்கத்தின் கொள்கை பிறகு மாறியது. அதில் ‘ஆணோ பெண்ணோ’ என்ற சொல்லுக்கு மட்டும் காலாவதி இல்லை.

சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். குடும்ப உறுப்பினர் பதிவில் மகன்களைப்போலவே மகள்களும், திருமணத்துக்குப் பிறகும், தம் பெயரிலேயே தொடரட்டும். ஆண்டுக்கு ஒருமுறை பாகப்பிரிவினை, ஹிபா, வஸிய்யத் பற்றி ஆலிமையும் வழக்கறிஞரையும் ஒன்றாக உட்காரவைத்து வகுப்பு நடத்துவோம். அதற்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து வரட்டும். கடை வைத்திருப்பவர்கள் விடுமுறையில் மகனைக் கல்லாவில் உட்காரவைப்பதுபோல மகளையும் உட்காரவைத்துத் தொழில் பழக்குவோம்.

இளம் தம்பதிகளுக்கு ஒரு வார்த்தை. துஆ கேளுங்கள், பெயர் சொல்லியே கேளுங்கள், மகன் வேண்டுமென்றால் மகன் என்று கேளுங்கள். அஷ்ஷூரா அத்தியாயம் அல்லாஹ்வின் கொடையைச் சொல்லும்போது பெண்மக்களைத்தான் முதலில் குறிப்பிடுகிறது, பிறகு ஆண்மக்கள், பிறகு இருவரும், பிறகு பிள்ளையே கொடுக்கப்படாதவர்கள். அந்தக் கடைசி வரிசையில் இருப்பவர்களும் இந்த மண்டபத்தில் நம்மோடு உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தப் பிள்ளையானாலும் போதும் என்று ஆண்டுக்கணக்கில் கையேந்துகிறவர்கள் அவர்கள். அவர்கள் காதில் விழும்படி நாம் ஒருபோதும், “இதுவும் பெண்தானா?” என்று கேட்டுவிடக் கூடாது.

பிறந்தது எதுவானாலும் வலக்காதில் பாங்கு சொல்லி, பேரீச்சை தொட்டு வைத்து, அல்ஹம்துலில்லாஹ் என்று வாங்கிக்கொள்வோம். அமானிதத்தைப் பேணும் நல்லோர்களில் அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கிவைப்பானாக. ஆமீன்.